சுற்றுலாத் துறையில் அடுத்து என்ன வரும், எதில் காசு போடலாம்?

கேள்வி இதுதான்: சுமார் 40 அறைகள் உள்ள விடுதி நடத்துகிறவர், கூடவே சிறிய அளவில் பயண ஏற்பாடும் செய்கிறார். ஏஐ, ரோபோ, விஆர் (கண்ணாடி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சி), பசுமைச் சுற்றுலா என்று கண்காட்சிக்குக் கண்காட்சி புதிதாக ஏதாவது விற்கிறார்கள். அடுத்த பத்து ஆண்டில் எது நிற்கும், எதில் முதலீடு செய்வது?

விருந்தினர் பார்த்து வாயைப் பிளக்கும் புதுமைகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். நிற்கப்போவது பின்கட்டு வேலைகள். யார் எந்த நேரத்துக்கு வருவது என்று பிரித்துக் கொடுப்பது, காலி அறைக் கணக்கை எல்லா இடத்திலும் ஒன்றாக வைத்திருப்பது, விடுதியைப் பற்றிய தகவலை இயந்திரம் பிழையில்லாமல் படிக்கும்படி எழுதி வைப்பது, ஆளில்லாத அறையில் ஏசி ஓடாமல் பார்த்துக்கொள்வது. இவற்றில் எதையும் படம் பிடித்து விளம்பரம் போட முடியாது. கண்காட்சிக் கடைகளில் இவை முன்வரிசைக்கு வராததற்கு அதுவே காரணம்.

முதலில் ரோபோவை முடித்துவிடலாம். ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில் 2015-ல் திறந்த ஹென் நா ஓட்டலில் வரவேற்பு மேசையிலேயே டைனோசர் ரோபோ நின்றது. 243 ரோபோக்கள் வரை வைத்திருந்தவர்கள் 2019 தொடக்கத்தில் பாதிக்கு மேல் நீக்கிவிட்டார்கள். அறையில் வைத்த பொம்மை உதவியாளர் விருந்தினரின் குறட்டையைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, தூங்குகிறவரை எழுப்பி, சொன்னது புரியவில்லை என்று திரும்பக் கேட்டது. பெட்டி தூக்கும் ரோபோவால் எல்லா அறைகளுக்கும் போக முடியவில்லை. ரோபோவுக்கு வேலை செய்ய ஆள் வைக்க வேண்டிய நிலை. இன்றைக்கு உருப்படியாக ஓடுபவை இரண்டே வகை: நீண்ட தாழ்வாரம் பெருக்கித் துடைப்பது, மாடிக்குப் பொருள் கொண்டுபோவது. இரண்டாவதை வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். நிலைப்படி எவ்வளவு உயரம் (2 செ.மீ. தாண்டினாலே பல ரோபோக்கள் தடுமாறும்), தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுகள் வழியில் எத்தனை, லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு ரோபோவை இணைக்க லிஃப்ட் நிறுவனம் ஒப்புக்கொள்கிறதா. கடைசிக் கேள்வியில்தான் பலருடைய பட்ஜெட் கவிழ்கிறது.

இனி முக்கியமான விஷயம், கூட்டம். ஐ.நா. சுற்றுலா அமைப்பின் கணக்குப்படி 2019-ல் உலகில் பன்னாட்டுப் பயணிகள் வருகை சுமார் 146 கோடி. பெருந்தொற்றில் விழுந்து, 2024-ல் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மீண்டுவிட்டது. ஆள் வருவார்களா என்ற கவலை போய், எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருகிறார்களே என்பது பல ஊர்களின் பிரச்சினையாகிவிட்டது. இதற்கு இரண்டு மருந்துகள் சோதனையில் உள்ளன: ஒன்று விலை, மற்றொன்று எண்ணிக்கை.

விலையை நம்பியது வெனிஸ். பகலில் வந்து இரவு தங்காமல் போகிறவர்களுக்கு 2024-ல் 29 நாட்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 2025-ல் 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் கட்டுவோருக்கு 10 யூரோ என்றார்கள். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு அதில் இல்லை. அவ்வளவு தூரம் செலவழித்து வந்தவர் 10 யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா? வசூல் ஆனது, கூட்டம் பெரிதாகக் குறையவில்லை. எண்ணிக்கையை நம்பியது ஏதென்ஸ்: 2023 செப்டம்பரில் இருந்து, பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றுக்கு நாளொன்றுக்கு 20,000 பேர், அதுவும் மணிக் கணக்கில் பிரித்து. பெரு நாட்டின் பழைய மலைநகரமான மச்சு பிச்சுவில் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த நேரம் என்பதோடு எந்தப் பாதை என்பதையும் டிக்கெட்டிலேயே எழுதிவிட்டார்கள். எண்ணிக்கை முறைதான் பரவும் என்பது என் கணிப்பு. நீங்கள் ஏற்பாடு செய்யும் பயணங்கள் எல்லாம் இந்த நேரச்சீட்டுகளைச் சுற்றியே அமையப்போகின்றன. சின்ன அருங்காட்சியகமோ தோட்டமோ நடத்துகிறவர்களும் இதைச் செய்யத்தான் போகிறார்கள். அதனால் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 300 பேர் நிற்கலாம், ஒருவர் சராசரியாக 75 நிமிடம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 1.25 மணியால் வகுத்தால் மணிக்கு 240 பேர் உள்ளே விடலாம். 15 நிமிடத்துக்கு 60. ஆனால் 60 டிக்கெட் போடக் கூடாது. சராசரி 75 என்றால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரும் அதற்குள் உண்டு. 50-ல் தொடங்கி, ஒரு மாதம் உள்ளிருப்போர் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு ஏற்றலாம். பதிவு செய்து வராமல் போகிறவர்கள் பத்துக்கு ஒருவர் இருந்தால், ஐந்து டிக்கெட் கூடுதலாக விற்கலாமே என்று தோன்றும். தனித்தனியாக வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. குழுவுக்குப் பொருந்தாது: 40 பேர் பேருந்து வந்தால் நாற்பதும் வரும், வராவிட்டால் நாற்பதும் வராது. குழுக்களுக்குத் தனி ஒதுக்கீடு வைத்தே ஆக வேண்டும்.

பெரும்பாலான இடங்கள் கோட்டைவிடுவது வாசலில். 15 நிமிடச் சீட்டு நிர்வகிக்கச் சிரமம் என்று மணிக்கொரு சீட்டு போடுகிறார்கள். பத்து மணிச் சீட்டு வைத்திருக்கும் 240 பேரும் பத்து மணிக்கே வந்து நிற்பார்கள். க்யூஆர் கோடு ஸ்கேன் செய்ய ஆளுக்கு 8 விநாடி என்றால் ஒரு வாசலில் கடைசி ஆள் உள்ளே போக 32 நிமிடம். உள்ளே இடம் காலியாக இருக்கும், வெளியே வெயிலில் வரிசை. கள்ளச்சந்தையைத் தடுக்க அடையாள அட்டையும் பார்க்கச் சொன்னால் ஆளுக்கு 20 விநாடி ஆகும். அப்போது ஒரு வாசல் மணிக்கு 180 பேரைத்தான் விடும். வருகிறவர் 240, போகிறவர் 180. அந்த வரிசை சாயங்காலம் வரை கரையாது. ஆகவே, பெயரைப் பதிவின்போதே வாங்கிவிட்டு, வாசலில் பத்தில் ஒருவரை மட்டும் சோதித்தால் போதும். டிக்கெட் மொத்தத்தையும் ஒரே நாளில் திறந்துவிடவும் கூடாது. முக்கால் பங்கை இரண்டு மாதம் முன்பும், மீதியை முந்தைய நாளிலும் அன்று காலையிலும் என்று பிரித்தால் மொத்தமாக வாங்கிப் பதுக்குகிறவர்களுக்கு லாபம் குறையும். வர முடியாதவர் டிக்கெட்டைத் திருப்பித் தந்து பணம் வாங்கும் வழியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் அதை வெளியே விற்கத்தான் பார்ப்பார்.

விடுதிப் பக்கம் வருவோம். அறை விற்பனையில் அடுத்த சில ஆண்டுகளின் சண்டை, விருந்தினர் யாருடைய வாடிக்கையாளர் என்பது. இணைய முன்பதிவுத் தளங்கள் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை கமிஷன் எடுக்கின்றன. தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைவாக உங்கள் சொந்த இணையதளத்தில் விற்கக் கூடாது என்ற ஒப்பந்த விதி நெடுங்காலம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி புக்கிங்.காம் 2024-ல் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகு, அந்த வட்டாரத்தில் இந்த விதி போய்விட்டது. மற்ற இடங்களில் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நேரடி முன்பதிவு இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். கார்டு கட்டணம், விளம்பரச் செலவு, முன்பதிவு மென்பொருள் வாடகை எல்லாம் சேர்த்தும் அந்தக் கமிஷனைவிடக் குறைவாக நின்றால்தான் லாபம்.

ஒரே அறை இரண்டு பேருக்கு விற்றுப்போவது இங்கே பழைய தலைவலி. சிறிய விடுதிகள் பல தளங்களின் நாட்காட்டிகளை ஐகால் இணைப்பில் கோர்த்துவிட்டு, இணைத்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். ஐகால் என்பது ஒரு தளம் மற்றொன்றின் நாட்காட்டியை அவ்வப்போது வந்து எடுத்துப் பார்க்கும் ஏற்பாடு. அந்த அவ்வப்போது சில மணி நேரம் ஆகலாம். தேதி மட்டும்தான் போகும், விலையோ ஆள் எண்ணிக்கையோ போகாது. ஏபிஐ (மென்பொருள்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழி இருபுறமும் பேசும் சேனல் மேனேஜர், அதாவது எல்லாத் தளங்களிலும் காலி அறைக் கணக்கை ஒன்றாக வைக்கும் மென்பொருள், இருந்தால் மாற்றம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். அதுவும் தவறும், காரணங்கள் வழக்கமானவை: இரட்டைக் கட்டில் அறையைப் பெரிய கட்டில் அறையோடு மாற்றிக் கோர்த்தது, யாரோ தளத்துக்குள் நேராகப் போய் கையால் மாற்றியது, நடந்து வந்தவருக்குக் கொடுத்த அறையை இரவுக் கணக்கின்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. வாரம் ஒருமுறை ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை உங்கள் மென்பொருளில் மூடிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாத் தளங்களிலும் மூடியிருக்க வேண்டும். திறந்தால் திறக்கவும் வேண்டும். ரத்தான அறை திரும்ப விற்பனைக்கு வராமல் காலியாகவே கிடப்பது பலர் கண்ணில் படாத நஷ்டம்.

விமான டிக்கெட்டில் இதே மாதிரி ஒரு மாற்றம் நடக்கிறது. பழைய முறையில் கட்டண வகுப்புக்கு ஓர் ஆங்கில எழுத்து; மொத்தம் 26-தான், அதற்குமேல் விலையை நுணுக்கமாகப் பிரிக்க வழியில்லை. விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா 2012-ல் அறிவித்த என்.டி.சி. என்ற புதிய விற்பனைத் தரத்தில், கேட்பவருக்கு ஏற்ப விமான நிறுவனமே நேரடியாக விலையும் சலுகையும் சேர்த்த ஒரு தொகுப்பை அனுப்புகிறது. விற்பது சுலபம், விற்ற பின்புதான் வம்பு. தேதி மாற்றம், பாதிப் பயணத்துக்குப் பணம் திரும்பப் பெறுவது, பெயரில் எழுத்துப்பிழை திருத்தம் ஆகியவை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. விமானம் நேரம் மாறினால் தகவல் உங்களுக்கு வருமா, நேரே பயணிக்குப் போகுமா என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏஐ பற்றி இரண்டு தனித்தனி கேள்விகள் உள்ளன. பயணிகள் ஏஐயிடம் கேட்டுத் திட்டமிடுகிறார்கள். அது உங்களைப் பற்றிச் சரியாகச் சொல்கிறதா என்பது ஒன்று. உங்கள் விடுதி சார்பில் ஏஐ பேசலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு வேலை எளிது, ஆனால் சலிப்பானது. விடுதியின் பெயர், வரைபடப் புள்ளி, அறைக்குள் வரும் நேரம், காலி செய்யும் நேரம், ரத்து விதி, குழந்தைகளுக்கான வயது வரம்பு ஆகியவை உங்கள் இணையதளம், வரைபடப் பதிவு, முன்பதிவுத் தளங்கள் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இணையதளத்தில் இவற்றை, இயந்திரங்கள் படிப்பதற்கான பொதுக் குறியீட்டு முறையான ஸ்கீமா.ஆர்க் வடிவத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள். விதிகளைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ மட்டும் போட்டு வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் ஏஐ ஏதோ ஒன்றைச் சொல்லும். வாசலில் நின்று சண்டை போடுவது விருந்தினரும் நீங்களும்.

இரண்டாவதில் நிதானம் வேண்டும். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் (தானாகப் பதில் சொல்லும் அரட்டை மென்பொருள்), துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வாதத்தை, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை. இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆகவே சாட்பாட் வைத்தால் விலையும் காலி அறையும் முன்பதிவு மென்பொருளில் இருந்து மட்டும் வரட்டும், அது தானாகச் சொல்லக் கூடாது. விதிகளை நீங்கள் எழுதிக் கொடுத்த பக்கத்தில் இருந்து மேற்கோள் காட்டட்டும். பணம் திரும்பக் கேட்பது, உடல்நலம், புகார் என்ற பேச்சு வந்தாலே ஆளிடம் மாற்றிவிட வேண்டும். உரையாடல் பதிவை வைத்திருங்கள், வாரம் இருபது உரையாடல்களையாவது படியுங்கள்.

எல்லைச் சோதனையும் மாறுகிறது. தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டாரத்தில் 2025 அக்டோபர் 12-ல் புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு தொடங்கியது. வெளிநாட்டவரின் முகப்படமும் நான்கு விரல் ரேகைகளும் எடுக்கிறார்கள், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ரேகை இல்லை. முதல்முறை போகிறவர்கள் நிறைந்த குழு என்றால் இறங்கியவுடன் பிடிக்கும் இணைப்பு ரயிலுக்கும் பேருந்துக்கும் கூடுதல் நேரம் விடுங்கள்.

விஆர் வந்தால் யாரும் ஊருக்குப் போக மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது நடக்கவில்லை, நடக்காது. ஆனால் நகல் என்ற யோசனை பொய்யில்லை. பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களைப் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றில் வரும் கரியமில வாயுவும் ஈரமும் கெடுத்ததால் 1963-ல் மூடினார்கள். 1983-ல் பகுதி நகலும் 2016-ல் முழு நகலும் திறந்தன. மூலத்தைத் தொடவே முடியாத இடத்தில்தான் நகலுக்கு மதிப்பு. உங்கள் விடுதிக்கு 360 பாகைப் படம் போதும்.

பசுமைக்கு வருகிறேன். சுற்றுலாவின் பங்கு உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் என்று 2018-ல் வந்த ஆய்வு கணித்தது. அதில் போக்குவரத்துதான் பெரும் பங்கு. விமான எரிபொருள் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பசுமை எரிபொருளை இவ்வளவு கலக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டாய அளவே 2025-ல் 2 சதவீதம், 2030-ல் 6 சதவீதம். எனவே மூன்று நாள் பயணத்தை ஆறு நாளாக்கி விற்பது, துண்டு துவைப்பதைக் குறைப்பதைவிடப் பல மடங்கு பலன் தரும்: அதே விமானம், இரண்டு மடங்கு இரவுகள். உங்களுக்கும் வருமானம். "சூழலுக்கு உகந்தது" என்று சும்மா எழுதும் காலம் முடிகிறது. ஆதாரமில்லாத அத்தகைய பொதுவாசகங்களைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2026 செப்டம்பர் 27 முதல் அமலாகிறது. ஓர் இரவுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் தண்ணீர் என்று மீட்டர் பார்த்து எழுதுங்கள், அது போதும்.

அறைக்குள் மின்சாரம் மிச்சப்படுத்த இருக்கும் பழைய வழி, சாவி அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும் என்பது. விருந்தினர் ஏதாவது பழைய அட்டையைச் செருகிவிட்டு ஏசியை ஓடவிட்டே வெளியே போவார். அடுத்து வந்தது அசைவுணரி. அது தூங்குகிறவரை ஆளில்லை என்று நினைத்து நள்ளிரவில் ஏசியை அணைத்து, மறுநாள் ஒற்றை நட்சத்திர விமர்சனம் வாங்கித் தரும். சரியான ஏற்பாட்டுக்குக் கதவுணரியும் சேர வேண்டும். கதவு மூடிய பின் ஒருமுறை அசைவு தெரிந்தாலும் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள்; மறுபடி கதவு திறக்கும்வரை ஏசியைத் தொடக் கூடாது. கதவு மூடி 15–20 நிமிடம் எந்த அசைவுமே இல்லையென்றால்தான் அறை காலி. அப்போதும் முழுக்க அணைக்காமல் 27–28 டிகிரிக்கு ஏற்றி வைத்தால் போதும், ஈரவாடை வராது. உணரியைக் கட்டிலும் குளியலறை வாசலும் தெரியும் இடத்தில் மாட்டுங்கள்.

வெந்நீருக்கு, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் வெப்பப் பம்பு நல்ல முதலீடு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியை 45 டிகிரியில் வைத்துவிடாதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லீஜியனெல்லா கிருமி சுமார் 20 முதல் 45 டிகிரி வரை வளரக்கூடியது. தொட்டியில் 60, திரும்பி வரும் குழாயில் 50-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த வெப்பநிலையில் பம்பின் திறன் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் குறைந்த வெப்பநிலைக்கான எண்.

வெயிலும் பயண அட்டவணையை மாற்றுகிறது. 2023, 2024 கோடைகளில் அக்ரோபோலிஸையே நண்பகலில் மூட நேர்ந்தது. காலை ஆறு மணிக்கும் இரவிலும் நடக்கும் சுற்றுகளை இப்போதே வடிவமைத்து வையுங்கள். மழை இத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் நஷ்டத்தை நிரூபிக்காமலே பணம் தரும் அளவீட்டுக் காப்பீடு வந்திருக்கிறது. அளக்கும் நிலையம் உங்கள் இடத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே தூறலும் இங்கே வெள்ளமுமாக இருந்தால் ஒரு காசும் வராது.

வரிசை கேட்டால்: முதலில் சேனல் மேனேஜரும் தகவல் ஒழுங்கும், பிறகு கதவுணரி, அதன் பிறகு வெந்நீர். சாட்பாட் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். இவை எதற்கும் முன்னால், இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பயணிகளின் சராசரி வயது ஏறிக்கொண்டே போகிறது. "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்ற ஒற்றை வரியை நம்பி யாரும் பணம் கட்டுவதில்லை. ஓர் அளவுநாடா எடுத்து அறை அறையாகப் போங்கள். கதவு திறந்த பின் கிடைக்கும் அகலம் (80 செ.மீ.க்குக் குறைந்தால் பல நாற்காலிகள் நுழையாது), கட்டிலின் உயரம், குளியலறைத் தடுப்பின் உயரம், நாற்காலி திரும்ப 150 செ.மீ. இடம் இருக்கிறதா என்பது. நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து எண்களை இணையதளத்தில் எழுதுங்கள். வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 17 செ.மீ., கைப்பிடி இடப்பக்கம் மட்டும் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஊன்றுகோலோடு வருகிறவருக்கு அந்த வரி போதும், வரலாமா வேண்டாமா என்று அவரே முடிவெடுத்துக்கொள்வார்.